மாநாட்டுக்குத் தனியாகச் செல்பவர்களுக்கு: சமூக ஊடகமும் சாப்பாட்டு மேசையும் குறித்த முழுமையான வழிகாட்டி

அலுவலகத்திலிருந்து ஒருவரை மட்டுமே அனுப்ப முடியும் என்ற நிலையில், மென்பொருள் சோதனைத் துறைக்கான மூன்று நாள் மாநாட்டுக்கு நான் முதன்முறையாகத் தனியே கோவையிலிருந்து பெங்களூர் சென்றேன். எந்தெந்த அமர்வுகளுக்குப் போக வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்றெல்லாம் மூத்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். மதிய உணவு இடைவேளையை எப்படிக் கழிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. முதல் நாள் மதியம் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, பிளக் பாயிண்ட் இருந்த சுவரோரமாகப் பார்த்து நின்று, மறு கையால் மேடையின் படத்தைப் பதிவேற்றி, மாநாடு சிறப்பாக நடப்பதாக எழுதினேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊரிலிருந்து 40 பேர் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். அந்தக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பல நூறு பேரில் ஒருவருக்குக்கூட என் பெயர் தெரியாது. அன்று மாலை விடுதி அறையில் உட்கார்ந்திருந்தபோது ஏற்பட்ட மனச்சோர்வு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அதன் பிறகும் நான் பெரும்பாலும் தனியாகத்தான் மாநாடுகளுக்குச் சென்று வருகிறேன். தொழிலில் எனக்கு உண்மையாகக் கைகொடுத்த அறிமுகங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டு வேளையில்தான் கிடைத்தன. அவற்றில் பலவற்றுக்கு வழி திறந்தது சமூக ஊடகம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. மேசை வரைக்கும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கைப்பேசியின் வேலை. மேசையில் உட்கார்ந்த பிறகு அது பைக்குள் போய்விட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன. எடுத்துக்காட்டுகளைப் பெங்களூரிலிருந்து தந்திருக்கிறேன். தென்னிந்தியாவில் தொழில்நுட்ப மாநாடுகள் அதிகம் நடக்கும் ஊர்களில் அது ஒன்று, நான் நன்கு அறிந்த ஊரும் அதுதான்.

சமூக ஊடகத்துக்கும் மாநாட்டுக்கும் உள்ள உறவு பழையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்று ட்விட்டர் என்று அழைக்கப்பட்ட எக்ஸ் தளம் பலரது கவனத்துக்கு வந்தது, 2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற இசை, திரைப்பட, தொழில்நுட்பத் திருவிழாவில். அங்கே நடைவழிகளில் பெரிய திரைகளை வைத்து, வந்திருந்தவர்கள் எழுதுவதை அவர்கள் கண்முன்னே ஓடவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று, ஒரு குழுவினரைக் குறிக்கும் சொல்லுக்கு முன் # குறியைச் சேர்க்கலாமா என்று அந்தத் தளத்தின் பயனர்களில் ஒருவரான கிறிஸ் மெசினா கேட்டபோது, அவர் எடுத்துக்காட்டாகத் தந்த சொல் ‘பார்கேம்ப்’. பங்கேற்பாளர்களே நிகழ்ச்சி நிரலை வகுத்துக்கொள்ளும் ஒரு வகைக் கூட்டத்தின் பெயர் அது. ஒரே இடத்தில் கூடுபவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்ள ஹேஷ்டேக் உதவும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்குப் படம் காட்டுவது அதன் இரண்டாவது பயன்தான்.

முதல் படி: புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்

மாநாட்டின் ஹேஷ்டேக்கைக் கண்டுபிடித்து, இந்த ஆண்டின் பதிவுகளைப் பார்ப்பதற்கு முன் கடந்த ஆண்டின் பதிவுகளைத் தேடிப் படியுங்கள். யார் யார் விரிவாக எழுதியிருக்கிறார்கள், மாலையில் எங்கே கூடினார்கள், மதிய உணவு வரிசை எவ்வளவு நீளமாக இருந்தது என்பதெல்லாம் அதில் கிடைத்துவிடும். பிறகு எந்தத் தளத்தில் கூட்டம் இருக்கிறது என்று பாருங்கள். பெருநிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் வரும் மாநாடுகளில் லிங்க்ட்இன் பயன்படும். கட்டற்ற மென்பொருள் சார்ந்தவற்றில் மாஸ்டடான், டெலிகிராம் போன்றவற்றில் ஆள்நடமாட்டம் அதிகம். ஏற்பாட்டாளர்கள் தனிக் குழு ஒன்று வைத்திருந்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். எல்லாத் தளங்களிலும் இருக்க முயல வேண்டாம். ஒன்றோ இரண்டோ போதும்.

உங்கள் முகப்புப் படம் இப்போதைய முகத்தைக் காட்ட வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய திருமணப் படத்தையோ ஒரு பூவின் படத்தையோ வைத்திருந்தால், தேநீர் வரிசையில் உங்களைத் தேடுபவருக்கு அடையாளம் தெரியாது. பேட்ஜில் அச்சாகும் பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பது நல்லது. நம்மில் பலருக்குத் தலைப்பெழுத்தும் தந்தை பெயரும் மாறி மாறி வந்து குழப்பம் நேர்வதால், பதிவுப் படிவத்தை நிரப்பும்போதே இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அதே படிவத்தில் உணவு விருப்பத்தைக் கேட்டிருப்பார்கள். முட்டை சாப்பிடுவீர்களா, நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்பது வரை தெளிவாக எழுதிவிடுங்கள்.

அடுத்து ஒரே ஒரு பதிவு எழுதுங்கள். அதில் மூன்று செய்திகள் போதும்: எதைக் கற்க வருகிறீர்கள், எதைப் பற்றி உங்களால் சொல்ல முடியும், எந்த வேளையில் சேர்ந்து சாப்பிட ஓய்வாக இருப்பீர்கள். ‘தானியங்கிச் சோதனைகள் காரணமின்றித் தோற்பதை எப்படிக் குறைப்பது என்று தெரிந்துகொள்ள வருகிறேன், சிறு குழுவில் சோதனைகளை ஒழுங்கமைத்த அனுபவம் என்னிடம் இருக்கிறது, இரண்டாம் நாள் இரவு உணவுக்குத் துணை தேடுகிறேன்’ என்ற அளவில் எழுதினால், பதில் சொல்ல விரும்புபவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். ‘மாநாட்டுக்கு வருகிறேன், சந்திப்போம்’ என்று மட்டும் எழுதினால் விருப்பக்குறிதான் கிடைக்கும்.

பேச்சாளர்களிலும் பங்கேற்பாளர்களிலும் மூன்று பேருக்குத் தனிச்செய்தி அனுப்பலாம். அவர்கள் முன்பு எழுதிய அல்லது பேசிய ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் ஒரு கேள்வியைக் கேட்டு, எந்தத் தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடம் கிடைக்கும் என்று வினவுங்கள். மூவரில் ஒருவர் பதில் எழுதினாலே அது வெற்றிதான். எழுதாதவர்களை நேரில் பார்க்கும்போது அதைச் சொல்லிக்காட்ட வேண்டாம், அவர்களுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும்.

விடுதியின் பெயர், எந்த ரயிலில் எப்போது வந்து இறங்குகிறீர்கள், எத்தனை நாள் வீடு பூட்டியிருக்கும் என்பனவற்றைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணாக இதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். ஆண்களுக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாம் படி: போய்ச் சேரும் மாலை

முடிந்தால் மாநாட்டுக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கோவையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குச் செல்லும் வந்தே பாரத் ரயில் அதற்கு வசதி. அந்த மாலையை நான் ஒரே வேலைக்கு ஒதுக்குகிறேன்: அரங்கைச் சுற்றி எங்கெங்கே சாப்பிடலாம் என்று நடந்து பார்த்து, ஐந்து இடங்களை வரைபடச் செயலியில் ஒரு பட்டியலாகச் சேமித்துக்கொள்வேன். காலையில் சீக்கிரம் திறப்பது ஒன்று, நடந்தே போகக்கூடியது ஒன்று, நான்கு பேர் உட்கார்ந்து பேசும் அளவுக்குச் சத்தம் குறைந்தது ஒன்று, அசைவம் கிடைப்பது ஒன்று, இரவு நேரம் கழித்தும் திறந்திருப்பது ஒன்று.

இது வெறும் வயிற்றுப்பாட்டுக்கான ஏற்பாடு அன்று. மாநாட்டின் முதல் நாள் மாலை ஆறு மணிக்கு, வெளியூரிலிருந்து வந்த எல்லோருக்கும் ‘எங்கே சாப்பிடலாம்’ என்ற ஒரே கேள்விதான் இருக்கும். அதற்குத் தயாராக விடை வைத்திருப்பவரோடு சேர்ந்து கிளம்பப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவரையும் அறியாமல் வந்த நீங்கள் அந்த விடையைக் கையில் வைத்திருந்தால், ஒரே மாலையில் உங்கள் இடம் மாறிவிடும். எனக்கு அப்படித்தான் மாறியது.

பெங்களூர் தனியாகச் சாப்பிடுபவருக்கு இணக்கமான ஊர். 1983இல் ஜெயநகரில் தொடங்கப்பட்ட கஃபே தர்ஷினியின் வழியில் ஊரெங்கும் பரவிய ‘தர்ஷினி’ உணவகங்களில், பணம் கட்டிச் சீட்டு வாங்கி, தட்டை நாமே எடுத்துக்கொண்டு, உயரமான மேசையருகே நின்றபடி சாப்பிட வேண்டும். தனியாக வந்திருக்கிறோமே என்ற கூச்சத்துக்கு அங்கே இடமே இல்லை, ஏனென்றால் எல்லோரும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்கள். ‘பை-டூ காபி’ என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு குவளைகளில் பாதியாகத் தருவார்கள். புதிதாக அறிமுகமான ஒருவரை ‘ஒரு பை-டூ சாப்பிடலாமா’ என்று அழைப்பது, இருவரையும் அரை மணி நேரத்துக்குக் கட்டிப்போடாத எளிய அழைப்பு. சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு இருக்கும் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்கள் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து சாப்பிடும் பழைய கடைகளிலும் தனியாள் ஒரு சிக்கலே இல்லை. காந்தி பஜாரில் 1943 முதல் நடந்துவரும் வித்யார்த்தி பவனில், இருக்கும் நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். எதிரே இருப்பவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. பரிமாறுபவர் மசாலா தோசைத் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேசையில் நழுவவிடும்போது, அதுவரை பேசாமல் இருந்த நால்வரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை அந்தக் கணத்தில்தான் எதிரே இருந்த பெரியவர், சட்டினியை என் பக்கம் நகர்த்தி, எந்த ஊர் என்று கேட்டார். மாநாட்டு மேசையில் ஒரு பேச்சு எப்படித் தொடங்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை. லால்பாக் சாலையில் உள்ள எம்.டி.ஆர். உணவகம் 1924இல் தொடங்கப்பட்டது. அங்கும் கூட்ட நேரத்தில் மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். இத்தகைய கடைகளுக்கு வார விடுமுறையும் பிற்பகல் இடைவேளையும் உண்டு என்பதால், பட்டியலில் சேர்க்கும்போதே நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அரங்குக்குள் பதிவிடுவது

அமர்வு நடக்கும்போதே ஒவ்வொரு வரியாகப் பதிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு அமர்வுக்கு ஒரு பதிவு, அதுவும் அமர்வு முடிந்த பிறகு, உங்கள் சொந்தச் சொற்களில் எழுதியது என்ற அளவு போதும். பேச்சாளரின் கணக்கை இணைத்து, அவர் சொன்னவற்றில் உங்கள் வேலைக்கு எது பயன்படும் என்று ஒரு வரியும், உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியும் எழுதுங்கள். அந்தக் கேள்விதான் சாப்பாட்டு மேசைக்கான சீட்டு. ‘காலையில் அந்தக் கேள்வியை எழுதியது நீங்கள்தானா’ என்று ஒருவர் கேட்டு வந்து உட்கார்ந்தால், அறிமுகப் பேச்சு பாதி முடிந்துவிட்டது என்று பொருள்.

ஸ்லைடுகளைப் படமெடுத்துப் போடும் பழக்கத்தில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. என் இரண்டாவது மாநாட்டில், திரையில் தோன்றிய ஒரு வரைபடம் அருமையாக இருந்ததால் அந்த நொடியே படமெடுத்துப் பதிவிட்டேன். மதியம் நான் தயிர்சாதத்தோடு நின்றிருந்தபோது அந்தப் பேச்சாளரே தேடி வந்து, அதிலிருந்த எண்கள் ஒரு வாடிக்கையாளருக்குச் சொந்தமானவை, அரங்குக்குள் மட்டும் காட்டத்தான் அனுமதி வாங்கியிருந்தேன் என்று தணிந்த குரலில் சொன்னார். உடனே நீக்கினேன்; ஆனால் அதற்குள் வேறு பலர் அதைப் பகிர்ந்துவிட்டிருந்தார்கள். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அதனாலேயே எனக்கு அது ஆழமாகப் பட்டது. படமெடுக்க வேண்டாம் என்ற குறி ஸ்லைடில் இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டாலும், எண்களும் வாடிக்கையாளர் பெயர்களும் உள்ளவற்றைக் கேட்காமல் பதிவிட வேண்டாம்.

சில வட்டமேசை அமர்வுகளில் ‘சாத்தம் ஹவுஸ் விதி’ பொருந்தும் என்று அறிவிப்பார்கள். சாத்தம் ஹவுஸ் என்பது லண்டனில் உள்ள ஓர் உலக விவகார ஆய்வு நிறுவனம். அது 1927இல் வகுத்த இந்த விதியின்படி, அங்கே கேட்ட செய்தியை வெளியே பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சொன்னவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், வேறு யாரெல்லாம் அங்கே இருந்தார்கள் என்பது வெளிப்படக் கூடாது. அறிவிக்கப்படாவிட்டாலும், சாப்பாட்டு மேசையில் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் இந்த விதியையே பின்பற்றுகிறேன். வாய்க்கு ருசியாகச் சாப்பிடும்போது மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்; தம் நிறுவனத்தில் நடந்த தவறுகளைச் சொல்வார்கள். அது நாளைக்குப் பதிவாக வராது என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள்.

நான்காம் படி: மதிய உணவு மேசை

நம் வீட்டுத் திருமணங்களில் இந்தச் சிக்கல் இல்லை. பந்தியில் இலை போட்டவுடன் காலியான இடத்தில் போய் உட்காருகிறோம். பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் பாயசம் வருவதற்குள் உறவுமுறை தெரிந்துவிடும். மாநாட்டின் பஃபேயில் அந்த வரிசை ஒழுங்கு இல்லாததால், எங்கே உட்காருவது என்ற முடிவைத் தட்டோடு நிற்கும் நாமே எடுக்க வேண்டியிருக்கிறது. தனியாக வந்தவருக்கு மிகக் கடினமான நேரம் அந்த அரை நிமிடம்தான்.

‘பந்திக்கு முந்து’ என்ற பழமொழியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இடைவேளைக்கு முந்தைய அமர்வில் கதவோரமாக உட்கார்ந்து, வரிசையில் முதல் இருபது பேருக்குள் சேர்ந்து, காலியாக இருக்கும் ஒரு வட்ட மேசையில் வழியைப் பார்த்தபடி உட்காருங்கள். பக்கத்து நாற்காலியில் பையை வைக்காதீர்கள். கைப்பேசியை எடுக்காதீர்கள், குனிந்து திரையைப் பார்க்கும் ஒருவரிடம் ‘இங்கே உட்காரலாமா’ என்று கேட்கப் பலரும் தயங்குவார்கள். பத்து நிமிடத்துக்குள் யாராவது வந்து கேட்பார்கள். நிரம்பிய மேசையில் இடம் தேடுபவராக இருந்த நீங்கள், இப்போது பிறருக்கு இடம் தருபவராக ஆகிவிடுகிறீர்கள்.

கழுத்தில் தொங்கும் பேட்ஜ், குனியும்போதெல்லாம் சாம்பாருக்குள் போகும். அதைத் தடுக்கப் பலரும் சட்டைப் பைக்குள் செருகிவிடுகிறார்கள். பிறகு அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரிவதில்லை. வார்ப்பட்டையில் ஒரு முடிச்சுப் போட்டு நெஞ்சளவுக்கு உயர்த்திக்கொண்டால் இரண்டு சிக்கலும் தீரும்.

பேச்சைத் தொடங்குவதற்குத் தனியாகக் கலை எதுவும் தேவையில்லை. தமிழில் ‘சாப்பிட்டாச்சா’ என்பதும் கன்னடத்தில் ‘ஊட்டா ஆய்த்தா’ என்பதும் நலம் விசாரிக்கும் சொற்களாகவே புழங்குகின்றன; உணவை முன்வைத்து ஒருவரை அணுகுவது நம் பக்கத்து மனிதர்களுக்கு இயல்பானது. அதற்கடுத்து, காலையில் எந்த அமர்வில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். எந்த நிறுவனம், என்ன பதவி என்பதை முதல் கேள்வியாக்க வேண்டாம். வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும் வேலையை இழந்தவர்களும் அந்த மேசையில் இருக்கக்கூடும், அந்தக் கேள்வி அவர்களைச் சுருங்கச் செய்துவிடும். வயதில் மூத்தவரைச் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைப்பதில் தவறில்லை. அவரே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்படியே செய்துவிடலாம்.

வெளியூரில் தமிழரைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சி பொங்கும். ‘நீங்க தமிழா?’ என்று தொடங்கி, ஊர், கல்லூரி என்று பேச்சு ஓடும்போது, நடுவே உட்கார்ந்திருக்கும் மராட்டியரோ வங்காளியோ தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நானே அதற்குக் காரணமாகவும் இருந்திருக்கிறேன். மூன்றாவது ஆள் இருக்கும் வரை எல்லோருக்கும் பொதுவான மொழியில் பேசுங்கள். தமிழில் பேச மாலை நடை இருக்கிறது.

நின்று சாப்பிடும் இடங்களுக்கு, மென்பொருள் ஆவணங்களை எழுதுபவர்களின் மாநாடுகளை நடத்தும் ‘ரைட் தி டாக்ஸ்’ அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் பரவலாக்கிய ‘பேக்மேன் விதி’ பயன்படும். பழைய வீடியோ விளையாட்டில் வரும் பேக்மேனின் வாய் திறந்திருப்பதைப் போல, வட்டமாக நிற்பவர்கள் இன்னொருவர் வந்து சேர எப்போதும் ஓர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதே அது. தனியாக வந்தவர் இதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்: திறந்திருக்கும் வட்டத்தைத் தேடிச் சேரலாம், சேர்ந்த பிறகு தாமும் ஓர் அடி நகர்ந்து அடுத்தவருக்கு வழி விடலாம். தோளோடு தோள் ஒட்டி நின்று இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால், அந்தப் பேச்சு அவர்களுக்கு மட்டுமானது. அங்கே போய் நிற்க வேண்டாம்.

மேசையில் கைப்பேசிக்கு இரண்டு வேலைகள்தான் உண்டு. பேச்சில் வந்த ஒன்றை எடுத்துக் காட்டுவது ஒன்று. எழும்போது லிங்க்ட்இன் செயலியின் தேடல் பட்டையில் உள்ள கியூஆர் குறியைக் காட்டி இணைந்துகொள்வது மற்றொன்று. இணைப்பைப் பேச்சின் தொடக்கத்தில் கேட்டால் விசிட்டிங் கார்டு விநியோகம் போல ஆகிவிடும். பேச்சு முடியும்போது கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சேர்ந்து படமெடுக்க விரும்பினால் கேளுங்கள். எடுத்த பிறகு அதைப் பதிவிடலாமா என்று தனியாகக் கேளுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர், அலுவலகத்தில் சொல்லாமல் வேலை மாற வழி பார்ப்பவர், மதுக் குவளை தெரியும் படத்தை உறவினர் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சுபவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கலாம். காரணம் கேட்க நமக்கு உரிமை இல்லை.

ஐந்தாம் படி: இரவு உணவுக்கு நீங்களே நால்வரைக் கூட்டுவது

யாராவது அழைப்பார்கள் என்று காத்திருக்கும் இரவு உணவு பெரும்பாலும் அறைக்கு வரவழைத்த பொட்டலத்தில் முடிகிறது. ஆகவே நீங்களே அழையுங்கள். எண்ணிக்கை முக்கியம்: உங்களையும் சேர்த்து நான்கு பேர். இயல்பாக நடக்கும் உரையாடல் ஏறத்தாழ நான்கு பேரைத் தாண்டினால் தானாகப் பிரிந்துவிடுகிறது என்று உளவியலாளர் ராபின் டன்பாரும் உடன் ஆய்ந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேர் போன விருந்தில் ஓரத்தில் உட்கார்ந்து யார் பேச்சும் காதில் விழாமல் தவித்தவர்களுக்கு அந்த ஆய்வு தேவைப்படாது.

அன்று காலையில் ஹேஷ்டேக்கோடு ஒரு பதிவு எழுதுங்கள்: ‘இன்று மாலை 7.15க்கு வி.வி.புரம் உணவுத் தெருவுக்குப் போகிறேன்; இன்னும் மூன்று பேர் வரலாம்; சைவம்; அவரவர் செலவு அவரவருடையது; சோதனைத் தானியக்கம் பற்றிப் பேச விருப்பமுள்ளவர்கள் பதில் எழுதுங்கள், பதிவு மேசை அருகே சந்திப்போம்.’ நேரம், எண்ணிக்கை, உணவு, செலவு, பேசுபொருள் ஆகிய ஐந்தும் இருந்தால் படிப்பவருக்குத் தயக்கம் குறையும். நேஷனல் காலேஜ் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அந்தத் தெரு, புதியவர்கள் சேர்ந்து சாப்பிட ஏற்ற இடம். ஒரு கடையில் தோசை, அடுத்ததில் ஹோளிகே (நம் போளி) என்று நகர்ந்துகொண்டே இருப்பதால், பேச்சு ஓயும்போதெல்லாம் அடுத்த கடை கைகொடுக்கும். அசைவம் விரும்பும் குழுவென்றால் ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்று அங்கே அழைக்கப்படும் அசைவ உணவகம் ஒன்றில் தொன்னை பிரியாணி சாப்பிடலாம். ஆனால் சைவம் மட்டும் சாப்பிடும் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஏற்ற இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

பதிவுக்கு ஒருவரும் பதில் எழுதாமல் போகலாம். அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. பகலில் பலர் ஹேஷ்டேக்கைப் பார்ப்பதே இல்லை. கடைசித் தேநீர் இடைவேளையில், மதியம் பேசிய இரண்டு பேரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். ஒருவர் மட்டும் வந்தால் இருவராகப் போங்கள். என் நெடுநாள் தொழில்நட்பு ஒன்று அப்படி இருவராகப் போன மாலையில் தொடங்கியதுதான்.

பணத்தை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்கள் யூபிஐ மூலம் அங்கேயே அனுப்பிவிடுவது எளிது. ‘பரவாயில்லை, நான் கட்டுகிறேன்’ என்று மூத்தவர் சொன்னால் ஒருமுறை மறுத்துப் பாருங்கள். அவர் வற்புறுத்தினால் நன்றி சொல்லிவிட்டு, காபிக்கு நீங்கள் கட்டுங்கள். அலுவலகத்தில் படிக்கணக்குக் கேட்பவர்கள் தனி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பில் தயவு தாட்சண்யம் வேண்டாம். முதல் சந்திப்பு பொது இடத்தில் மட்டும் நடக்கட்டும். விடுதி அறையில் கூடலாம் என்ற அழைப்பை, எவ்வளவு பெரிய மனிதரிடமிருந்து வந்தாலும், மறுத்துவிடுங்கள். போகவும் வரவும் உங்கள் சொந்த ஏற்பாட்டில் செல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்ற மூன்று அளவுகளில் பகிரலாம். வீட்டில் ஒருவருக்கு எட்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். உணவகத்தின் படத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகு பதிவிடுங்கள். குடிக்காதவர் ‘இல்லை, நன்றி’ என்று ஒருமுறை சொன்னால் போதும், விளக்கம் தர வேண்டியதில்லை; மீண்டும் மீண்டும் வற்புறுத்தும் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். மாநாட்டில் யாராவது எல்லை மீறினால், நடத்தை விதிகளுக்குப் பொறுப்பான குழுவிடம் அன்றே சொல்லுங்கள். அவர்களுடைய தொடர்பு எண்ணை முதல் நாளே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். அவசரத்துக்கு நாடெங்கும் 112.

ஆறாம் படி: தனியாகச் சாப்பிடும் ஒரு வேளை

மூன்று நாளும் மூன்று வேளையும் புதியவர்களோடு பேசிக்கொண்டே இருக்க எல்லோராலும் முடியாது, என்னால் முடியாது. நாளுக்கு ஒரு வேளையை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். பெரும்பாலும் அது காலை உணவாக இருந்தால் நல்லது. விடுதியின் பஃபேயைத் தவிர்த்துவிட்டு, 1965 முதல் இருக்கும் சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாரில் இட்லியும் வடையும் வாங்கி, ஊற்ற ஊற்றத் தீராத சட்டினியோடு தெருவோரம் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தால், மனம் தெளிந்திருக்கும். அந்த நேரத்தில் முந்தைய நாளின் ஹேஷ்டேக்கைப் படித்து, பிறர் எழுதியவற்றுக்கு மூன்று நான்கு மறுமொழி எழுதலாம். மாநாட்டில் புதிதாகப் பதிவிடுபவர்கள் பலர், பிறர் பதிவுக்குப் பொருளோடு மறுமொழி எழுதுபவர்கள் சிலர். அதனால்தான் மறுமொழி எழுதியவரின் பெயர் நினைவில் நிற்கிறது.

ஏழாம் படி: அன்றிரவும் அடுத்த வாரமும்

அறைக்குத் திரும்பியதும் தூங்குவதற்கு முன், அன்று சந்தித்த ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே உட்கார்ந்து என்ன பேசினோம், எதை அனுப்புவதாகச் சொன்னோம். மறுநாள் காலையில் முகங்கள் கலந்துவிடும். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்கு மட்டுமே குறிப்பு இணைக்க முடிகிறது என்பதால், அவற்றை நீங்கள் மெய்யாகத் தொடர விரும்புபவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘இரண்டாம் நாள் மதியம் ஜன்னலோர மேசையில் பேசினோம், நீங்கள் சொன்ன கருவியைச் சோதித்துப் பார்த்தேன்’ என்று எழுதினால் அவருக்கு முகம் நினைவுக்கு வரும்.

ஊர் திரும்பிய ஏழு நாட்களுக்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். அனுப்புவதாகச் சொன்ன கட்டுரையையோ நிரல் துண்டையோ அனுப்புங்கள். எடுத்த படங்களை அதில் இருப்பவர்களுக்கு முதலில் தனியாக அனுப்பி, அவர்கள் சம்மதித்தவற்றை மட்டும் பதிவிடுங்கள். மாநாட்டில் கற்றதை ஒரு நீண்ட பதிவாக எழுதி, அதில் உங்களுக்கு உதவியவர்களை அவர்கள் அனுமதியோடு குறிப்பிடுங்கள்.

நடந்து நடந்து நீங்கள் சேர்த்த அந்த ஐந்து உணவகங்களின் பட்டியலை, விடுமுறை நாளையும் விலையையும் திருத்தி எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டின் ஹேஷ்டேக் அறிவிக்கப்பட்டதும், உங்கள் முதல் பதிவாக அதையே போடுங்கள்.